விலையும் செவியும்: மதிப்பிடுதலின் அறம் பற்றிய சில சிந்தனைகள்

ஒரு பொருள் இன்னொன்றுக்கு ஈடாகுமா என்னும் வினா சந்தையிலே நாள்தோறும் எழுவது. அரிசியாயினும் துணியாயினும், விலை குறைந்ததைக் கையிலெடுத்து விலை கூடியதன் அருகே வைத்து, "இது அதற்கு எவ்வகையிற் குறைந்தது?" என வினவாத இல்லத்தார் இலர். எளிதாகத் தோன்றும் இவ்வினாவினுள்ளே அறிவாராய்ச்சியியல், அழகியல், ஒழுக்கவியல் ஆகிய மூன்று துறைகளுக்கும் உரிய சிக்கல்கள் ஒருங்கே பொதிந்துள்ளன. நாம் உணர்வது பொருளின் இயல்பையா, அன்றி அப்பொருள் பற்றி முன்னரே கேட்டறிந்ததையா? எமக்கு வேறுபாடு புலப்படவில்லையெனின் வேறுபாடே இல்லையென்று முடிவு கூறலாமா? பிறருடைய பணத்தைக் கொண்டு வாங்குவோரும், பிறருடைய திறனை அளந்து தீர்ப்புக் கூறுவோரும் தமது புலன்களை எவ்வளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களை, ஒலிவாங்கி என்னும் ஒரு சிறு கருவியை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்யியல் பயிலும் மாணவன் ஒலிவாங்கியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இவ்விடயம் எனக்கு நூலகத்திலே அகப்பட்டதன்று. மண்டபத்து மேடையிலே எதிர்ப்பட்டது. ஆதலின், முதற்கண் அங்கு நிகழ்ந்ததைக் கூறிவிடுதல் முறையாகும்.

மாணவர் இசை நிகழ்ச்சி ஒன்றுக்கென ஒலிவாங்கிகள் வாங்கவேண்டியிருந்தது. அதற்குரிய பணம் மாணவரிடமிருந்து சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 100 டொலர் பெறுமதியான கருவி, வரியும் வணிகர் இலாபமும் சேராமலே, 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவுக்கு ஏறியது என்பது இதன் பொருள். பின்னர் ரூபாவின் பெறுமதி ஓரளவு மீண்டதாயினும் முந்தைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே, புகழ்பெற்ற நிறுவனத்தின் ஒலிவாங்கி ஒன்றை வாங்குவதா, அவ்விலைக்கு மலிவானவை நான்கை வாங்குவதா என்ற வாதம் எம்மிடையே எழுந்தது.

வாதத்தைத் தீர்க்கும்பொருட்டு, ஒரு மாலை, இருவகை ஒலிவாங்கிகளையும் இரவல் பெற்று மேடையிலே இரண்டு தாங்கிகளிற் பொருத்தி, நண்பரொருவரைப் பாடச் செய்தோம். வலப்புறத்தில் இருப்பதே விலை கூடியது என எமக்குச் சொல்லப்பட்டது. நான் மண்டபத்தின் நடுவிலிருந்து கேட்டேன். வலப்புறத்து ஒலியில் ஓர் ஆழமும் தெளிவும் இருப்பதாகவும், இடப்புறத்து ஒலி தகரத்திலே தட்டியதுபோல் இருப்பதாகவும் எனக்குப் பட்டது. பட்டதைச் சொற்பெருக்கோடு எடுத்துரைத்தேன், பலர் உடன்பட்டனர். கருவிகளைக் கழற்றும்போதே உண்மை வெளிப்பட்டது. பொருத்தியவர் அவற்றை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தார். நான் ஆழங் கண்டது மலிவானதில். தகரங் கண்டது புகழ்பெற்றதில். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர் சிரித்தார்; ஏனையோரும் சிரித்து அதனைக் கடந்துவிட்டனர்.

என்னாற் கடக்க இயலவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுண்டு. இரு வாரங்களுக்கு முன்னர், அதே மண்டபத்திலே, நிகழ்ச்சிக்குப் பாடகரைத் தெரிவுசெய்ய அமர்ந்த மூவருள் நானும் ஒருவன். அன்று மலையகத்திலிருந்து வந்த முதலாம் வருட மாணவி ஒருவரின் பெயருக்கெதிரே "குரலிற் கனம் போதாது" என எழுதி அவரை விலக்கியவன் நானே. கருவியைப் பற்றிய தீர்ப்பில் இவ்வளவு எளிதாக ஏமாறிய செவி, மனிதரைப் பற்றிய தீர்ப்பில் ஏமாறியிராது என்பதற்கு உறுதி யாது?

கருவியும் அதன் விலையும்

மேடைப் பாடகர் கையாளும் ஒலிவாங்கி பெரும்பாலும் இயங்குசுருள் வகையைச் சார்ந்தது. மெல்லிய தகடு ஒன்றின் பின்னே நுண்ணிய கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். குரலினால் எழும் காற்றமுக்க மாற்றங்கள் தகட்டை அதிரச்செய்ய, அதனோடு சுருளும் காந்தப்புலத்தினுள்ளே அசைய, குரலின் அலைவடிவத்தை ஒத்த மின்குறி பிறக்கின்றது. தத்துவம் பழையது, இரகசியம் எதுவுமற்றது. மலிவான ஒலிவாங்கியும் விலை கூடிய ஒலிவாங்கியும் இவ்வொரே தத்துவத்தின்படியே இயங்குகின்றன.

மேடைக் குரலுக்குரிய ஒலிவாங்கிகளுள் உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது அமெரிக்காவின் ஷுவர் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் அறிமுகஞ்செய்த எஸ்.எம்.58 ஆகும். எஸ்.எம். என்னும் எழுத்துக்கள் 'ஸ்ரூடியோ மைக்கிரபோன்' என்பதைச் சுட்டுவன. ஒலிப்பதிவுக் கூடத்தை மனங்கொண்டு பெயரிடப்பட்ட கருவி மேடையிலேயே பெரும்புகழ் எய்தியது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை உணரவல்லது எனக் கூறப்படுகையில், இக்கருவிக்கு அதன் நிறுவனமே கூறும் வீச்சு 50 முதல் 15,000 ஹேர்ட்ஸ் வரையானதே. அமெரிக்கச் சந்தையில் அதன் விலை ஏறத்தாழ 100 டொலர். அதே பணிக்கென விற்கப்படும் பெஹ்ரிங்கர் எக்ஸ்.எம்.8500 போன்றவை அதன் கால்வாசி விலைக்குக் கிடைக்கின்றன. மறுபுறத்தில், 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேர்மனியின் நியூமன் யு.87 என்னும் ஒலிப்பதிவுக்கூட ஒலிவாங்கியின் விலையோ 3,000 டொலரைக் கடந்தது. எனவே 'விலை கூடியது', 'மலிவானது' என்பன பொருளின் உள்ளார்ந்த குணங்களல்ல. எஸ்.எம்.58 ஒன்றின் அருகே செல்வந்தன். மற்றொன்றின் அருகே ஏழை.

விலையின் ஏணியும் தகுதியின் ஏணியும் எப்பொழுதும் ஒன்றாக அமைவதில்லை என்பதற்கு இசையுலகிலேயே சான்றுண்டு. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்கல் ஜக்சனின் 'திரில்லர்' இசைத்தட்டுக்காக அவரது குரலைப் பதிவுசெய்கையில், ஒலிப்பதிவாளர் புரூஸ் சுவீடியன் ஷுவர் எஸ்.எம்.7 என்னும் இயங்குசுருள் ஒலிவாங்கியைக் கையாண்டார். அதனினும் பன்மடங்கு விலையுயர்ந்த கருவிகள் அக்காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கவே செய்தன. எனினும் அக்குரலுக்கு இக்கருவி பொருந்துமென அவர் கண்டார். 'பொருந்துதல்' என்னும் இச்சொல்லை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதற்கு மீள்வோம்.

விலை முழுவதும் பெயருக்கே கொடுக்கப்படுகின்றது என்பதும் பொருந்தாது. உடலைப் பற்றும்போது எழும் உரசலொலியைத் தடுக்கும் அமைப்பு, பின்புறத்து ஒலியை விலக்கும் ஆற்றல், ஒரே பெயரில் வரும் ஆயிரம் கருவிகளும் ஒரே தன்மையவாக இருத்தல், கீழே விழினும் பழுதுறாமை, உதிரிப்பாகங்கள் கிடைத்தல் ஆகியனவும் விலையினுள் அடங்கும். இவற்றுட் பல ஒரு மாலைப்பொழுதிற் செவிக்கு அகப்படாதவை. ஐந்தாண்டுப் பாவனையின் பின்னரே அறியத்தக்கவை. செவியால் அளக்கத்தக்கது எது, அளக்கத்தகாதது எது எனப் பிரித்துக்கொள்ளாது ஒப்பீட்டிற் புகுவோர் தொடக்கத்திலேயே தடுமாறுவர்.

புலனும் பெயரும்

நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவ்வாறு கேட்டேன். பொய் கூறாத ஒருவன் பொய்யானதற்குச் சான்று பகர்ந்தது எங்ஙனம்?

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் அளவை பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்குவது. அங்கு காட்சி பற்றிக் கூறுமிடத்து, ஐயமும் திரிபும் காட்சியின் குற்றங்களாகக் காட்டப்படுகின்றன. பொருளின் உண்மை மாத்திரையே தோன்றும் நிருவிகற்பக் காட்சியும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தோடு கூடித் தோன்றும் சவிகற்பக் காட்சியும் வேறுபடுத்தப்படுகின்றன. இவ்வேறுபாடு எமது பிரச்சினைக்குப் பெரிதும் ஒளி தருவது. அன்று மாலை என் செவியில் விழுந்தது ஓர் ஒலி. 'புகழ்பெற்ற நிறுவனத்தின் ஒலிவாங்கி' என்னும் பெயர் அதனோடு கூடியது. பெயரோடு கூட்டி அறிதல் குற்றமன்று. அஃதின்றி எப்பொருளையும் இன்னதென அறிந்துகொள்ளல் இயலாது. குற்றம் நேர்வது, குணம் பொருளிலிருந்து பிறவாது பெயரிலிருந்தே பிறக்கும்போதாகும். நான் கேட்ட 'ஆழம்' ஒலியிலிருந்து வந்ததன்று; பெயரிலிருந்து வந்தது. கயிற்றைப் பாம்பெனக் காண்பவன் பொய்யனல்லன். அவனது காட்சி திரிபுற்றது.

இத்திரிபு என் ஒருவனுக்கே உரியதன்று என்பதை அண்மைக்கால ஆய்வுகள் புலப்படுத்துகின்றன. 2008ஆம் ஆண்டில் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே திராட்சை மது 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் கூறப்பட்டு வழங்கப்பட்டது. அருந்தியோர் 90 டொலர் எனப்பட்டதையே சுவை மிக்கதெனக் கூறினர். கூறியது மட்டுமன்றி, இன்பவுணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் தொழிற்பாடும் அப்போது மிகுந்திருந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலே 21 வயலின் கலைஞர், கருவியைக் கண்ணாற் காணாதவாறு, புதிய வயலின்கள் மூன்றையும் ஸ்ராடிவாரி முதலிய பழம்பெரும் கைவினைஞரின் வயலின்கள் மூன்றையும் வாசித்துப் பார்த்தனர். பழையது எது, புதியது எது எனப் பெரும்பாலோரால் உறுதியாக இனங்காண இயலவில்லை. மிகுதியாக விரும்பப்பட்டது புதிய வயலினொன்று.

முதலாவது ஆய்விலே ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. அருந்தியோர் பெற்ற இன்பம் போலியன்று. அது மெய்யாகவே நிகழ்ந்தது. தனது இன்பத்துக்காக 90 டொலர் கொடுப்பவனை நாம் கடிதல் வேண்டுவதில்லை. ஆனால் அவன் பிறருக்குச் சான்றுரைக்கப் புகும்போது நிலைமை மாறுகின்றது. 'எனக்கு இனித்தது' என்பது தன்னைப் பற்றிய கூற்று. 'இது இனியது' என்பது பொருளைப் பற்றிய கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழியிலேதான் மதிப்பிடுவோனின் ஒழுக்கப் பொறுப்புத் தொடங்குகின்றது.

பீப்பாயின் அடியிற் கிடந்த திறவுகோல்

சுவையின் நியமம் பற்றி டேவிட் ஹியூம் 1757ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, டொன் கிகோட்டே என்னும் நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாள்கின்றார். பீப்பாயிலிருந்த மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர், மது நன்றெனினும் அதிலே சிறிது தோலின் சுவை உண்டென்றார். மற்றவர் இரும்பின் சுவை உண்டென்றார். சூழ இருந்தோர் இருவரையும் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது அதனடியிலே தோல்வார் கட்டிய திறவுகோல் ஒன்று கிடந்தது. நுண்ணிய சுவையுணர்வு, பயிற்சி, ஒப்புநோக்கும் பழக்கம், முற்சாய்வின்மை, நல்லறிவு ஆகியன ஒருங்கமைந்தோரின் ஒருமித்த தீர்ப்பே சுவைக்கு நியமமாகும் என்பது ஹியூமின் கருத்து.

இக்கதை இருதரப்பாருக்கும் பாடம் புகட்டுவது. 'எனக்குப் புலப்படாதது எவருக்கும் புலப்படாது' எனக் கூறி நகைப்போர் வெட்கமடைந்தனர். அதேவேளை, சுவைத்தோரின் கூற்று மெய்யெனத் துணியப்பட்டது அவர்களின் பெருமையினாலன்று, திறவுகோல் அகப்பட்டமையினாலாகும். எனவே, ஒலிவாங்கி விடயத்தில் பீப்பாயை வெறுமையாக்கிப் பார்க்கும் முறை யாது என வினவுதல் வேண்டும்.

முதலாவதாக, இரு கருவிகளின் ஒலியளவும் சமமாக்கப்படல் வேண்டும். கருவிக்குக் கருவி மின்குறியின் வலிமை வேறுபடும். சிறிதளவு உரத்து ஒலிப்பது, உரப்பெனத் தோன்றாது சிறப்பெனத் தோன்றும். இதற்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு. ஒலியின் உரப்புக்கேற்பத் தாழ்சுருதிகளையும் உயர்சுருதிகளையும் செவி உணரும் விகிதம் மாறுபடும் என்பதை பிளெற்சரும் மன்சனும் 1933இல் காட்டினர். உரப்பு மிகும்போது தாழ்சுருதிகள் நிறைந்து கேட்கும். நாம் 'ஆழம்' என வியப்பது சிலவேளைகளில் இதுவாகவே இருக்கலாம். நடுவுநிலைமை பற்றிக் கூறிய வள்ளுவர், தான் முதலிற் சமனாக நின்று பின்னரே பிறவற்றைத் தூக்கும் துலாக்கோலைச் சான்றோருக்கு உவமையாக்கினார். கோல் சமனாகாத நிறுவை நிறுவையன்று.

இரண்டாவதாக, எது எதுவெனக் கேட்போர் அறியாதிருத்தல் வேண்டும். கேட்டற் சோதனைகளில் இம்முறையை ஒழுங்குபடுத்தும் முயற்சி 1950இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தாரால் மேற்கொள்ளப்பட்டது. மூன்றாவதாக, பாடகர் ஒருவர் ஒரே அடியை இருமுறை ஒரே வகையாகப் பாடமாட்டாராதலின், இரு கருவிகளும் அருகருகே வைக்கப்பட்டு ஒரே பாடல் ஒரே வேளையில் இரண்டினாலும் வாங்கப்படல் வேண்டும். நான்காவதாக, சோதனை பலமுறை நிகழல் வேண்டும். ஒருமுறை சரியாகக் கூறுதல் காசைச் சுண்டுவது போன்றது. பத்து முறைகளில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றைக் குருட்டு ஊகத்தாற் சரியாகக் கூறுவதற்கான நிகழ்தகவு 1024இல் 56. ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு 1024இல் 11.

இவ்விதிகளுக்கு இயன்றவரை அமைய, நாம் இரண்டாம் முறை ஒப்பீட்டை நடத்தினோம். மேடைத்திரை மூடப்பட்டது. திரையின் பின்னே ஒருவர் காசைச் சுண்டி, அதன்படி இரண்டிலொன்றை ஒலிபெருக்கிக்கு இணைத்தார். பத்து முறைகளில் நான் சரியாகக் கூறியவை ஆறு. குருட்டு ஊகத்தால் ஆறோ அதற்கு மேலோ பெறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்தெட்டு என்பதால், என் செவிக்கு அங்கு எவ்விதச் சிறப்பும் இருந்ததாகக் கூறமுடியாது. ஆயினும் சிறுவயது முதல் மிருதங்கம் பயின்ற நண்பரொருவர் ஒன்பதைச் சரியாகக் கூறினார். சகரவொலிகளின் விளிம்பிலே ஒரு கருவி சிறிது கூர்மையாகச் சீறுகின்றது என்பதே அவர் காட்டிய அடையாளம். அவர் சொன்ன பின்னர் அதனைத் தேடிக் கேட்டேன்; சிலவேளைகளில் எனக்கும் அகப்பட்டது. திறவுகோல் பீப்பாயினுள்ளே கிடக்கவே செய்தது.

புலப்படாமையும் இல்லாமையும்

எல்லாப் பண்புகளிலும் ஒத்த இரு பொருள்கள் இரண்டல்ல, ஒன்றே என்பது லைப்னிற்சின் தத்துவம். இதனைத் தவறாகப் பற்றிக்கொண்டு, "எனக்கு வேறுபாடு கேட்கவில்லை, ஆதலின் இரண்டும் ஒன்றே" எனக் கூறுவோர் உளர். 'எல்லாப் பண்புகளும்' வேறு. 'ஒரு செவிக்கு ஒரு மாலையில் அகப்பட்ட பண்புகள்' வேறு. மேலும், பிரித்தறிய முடியாமை என்னும் தொடர்பு சமன்பாட்டின் இயல்பை உடையதன்று. முதலாவதை இரண்டாவதிலிருந்தும், இரண்டாவதை மூன்றாவதிலிருந்தும் பிரித்தறிய முடியாதபோதும், முதலாவதை மூன்றாவதிலிருந்து பிரித்தறிய முடியும். சிறு சிறு படிகளாக மலிவை நோக்கி இறங்குவோர், ஒவ்வொரு படியிலும் "வேறுபாடில்லை" எனக் கூறிக்கொண்டே மிகத் தாழ்ந்த இடத்தை அடைந்துவிடலாம்.

நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட 'கலையின் மொழிகள்' என்னும் நூலிலே, மூல ஓவியத்தையும் அதன் நேர்த்தியான போலியையும் இன்று என் கண்ணாற் பிரித்தறிய இயலாவிடினும், அவை இரண்டு என்னும் அறிவே நான் இனி எவ்வாறு நோக்கவேண்டும் என்பதை மாற்றிவிடுகின்றது என வாதிடுகின்றார். இன்று காணாத வேறுபாட்டை நாளை காணக் கற்றுக்கொள்ளலாம். என் நண்பர் சகரத்தைச் சுட்டிக்காட்டிய பின்னர் என் செவிக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆயின், மலிவானது விலை கூடியதற்கு ஈடாகாது என முடித்துவிடலாமா? அவ்வாறுமன்று. ஒவ்வொரு துறையிலும் அத்துறையின் இயல்புக்கேற்ற அளவு துல்லியத்தையே நாடுதல் கற்றோரின் இலக்கணம் என அரிஸ்ரோட்டில் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலிலே கூறுகின்றார். நூறு பேர் அமர்ந்த மண்டபத்திலே, மழையும் மின்விசிறியும் ஒலிக்க, அறிவிப்புச் செய்வதற்கு அச்சகரத்தின் சீறல் ஒரு பொருட்டன்று. இசைத்தட்டுக்கெனப் பதிவுசெய்வோருக்கு அது பொருட்டாகலாம். 'ஈடாகுமா?' என்னும் வினா முற்றுப்பெறாத வினா; எக்குரலுக்கு, எம்மண்டபத்தில், எப்பணிக்கு என்பன கூடியபோதே அது விடை பெறும். முன்னர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய 'பொருந்துதல்' என்னும் சொல் இதனையே குறிப்பது.

இருவகை முற்சாய்வு

பெயருக்கு மயங்குதல் ஒரு முற்சாய்வு எனின், அதற்கு எதிரான முற்சாய்வும் ஒன்றுண்டு. 'உயர்ந்த விலை யாவும் ஏமாற்று. நான் ஏமாறமாட்டேன்' என்னும் செருக்கு அது. மலிவானதிலே குறை கேட்பினும் கேளாதவர்போல் இருக்கத் தூண்டுவதும் அதுவே. வெறும் பையை உடைய மாணவராகிய எம்மிடம் இதுவே மிகுதியாக உள்ளது என ஒப்புக்கொள்ளல் வேண்டும். மலிவானது ஈடாகவேண்டும் என நாம் விரும்பினோம். விருப்பமும் ஒரு வகைப் பெயரே. அதுவும் பொருளில் இல்லாத குணத்தைப் பொருளின்மீது ஏற்றவல்லது. செல்வனின் மயக்கத்தைக் கண்டு நகைக்கும் வறியவன் தன் மயக்கத்தை நேர்மையெனக் கருதிவிடுதல் எளிது.

இவ்விடத்து வேறுபடுத்தவேண்டியது இன்னொன்றுமுண்டு. தன் பெயரிலே விற்கப்படும் மலிவான ஒலிவாங்கி எவரையும் ஏமாற்றுவதில்லை. எஸ்.எம்.58 என்னும் பெயரையே பொய்யாகப் பொறித்துச் சந்தைக்கு வரும் போலிகளும் உள. அத்தகைய போலி ஒன்று ஒலியிலே மூலத்தை ஒத்திருப்பினும், அதன் விற்பனை தவறானதே. ஏனெனில் அங்கு விற்கப்படுவது ஒரு பொய்ச்சான்று. மலிவு குற்றமன்று, பொய்யே குற்றம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, மலிவான யாவற்றையும் 'போலி' என இழித்துரைப்பது உழைத்துச் செய்தோருக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஒரு சாண் இடைவெளி

இரண்டாம் ஒப்பீட்டின் மாலை, பெண்குரல் ஒன்றும் வேண்டியிருந்தது. உதவிக்கு வந்தோருள் நான் முன்னர் விலக்கிய மாணவியும் இருந்தார். கேட்டவுடன் பாட முன்வந்தார். திரையின் பின்னிருந்து வந்த குரல் இரு கருவிகளிலும் மெலிதாகவே ஒலித்தது. என் பழைய தீர்ப்புச் சரியே என ஒரு கணம் ஆறுதலடைந்தேன். அப்பொழுது மிருதங்க நண்பர் எழுந்து திரைக்குள்ளே சென்றார். அம்மாணவி ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாணுக்கு அப்பால் நின்றே பாடிக்கொண்டிருந்தார். இரு விரலளவு தூரத்துக்கு நெருங்கிப் பாடுமாறு நண்பர் கூறினார். அடுத்த கணம் மண்டபம் நிறைந்தது. மலிவான கருவியிலும் நிறைந்தது; விலை கூடியதிலும் நிறைந்தது.

இதிலே விந்தை எதுவுமில்லை. ஒலிமூலத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரம் பாதியாகும்போது ஒலிமட்டம் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். 20 சென்ரிமீற்றரிலிருந்து 5 சென்ரிமீற்றருக்கு வந்தால் உயர்வு ஏறத்தாழ 12 டெசிபெல். அதன்மேலும், ஒரு திசையை நோக்கிக் கேட்கும் இவ்வகை ஒலிவாங்கிகளில், மூலம் நெருங்க நெருங்கத் தாழ்சுருதிகள் தனியாக மிகும். நான் 'கனம்' என அழைத்தது பெரும்பாலும் இதுவே. இரு கருவிகளுக்கும் இடையே நாம் நாட்கணக்கில் வாதிட்டுத் தேடிய வேறுபாடு, ஒரு சாண் இடைவெளி விளைத்த வேறுபாட்டின் முன்னே ஒன்றுமில்லாததாயிற்று. மேடைப் பழக்கமுடையோர் கிட்ட நிற்க அறிந்திருந்தனர், அவர் அறிந்திருக்கவில்லை, எவரும் அவருக்குக் கூறவுமில்லை. குரலை அளப்பதாக எண்ணி, ஒலிவாங்கியோடு கொண்ட பழக்கத்தையே நான் அளந்திருந்தேன்.

சிறந்த குழல்களை யாருக்கு வழங்கவேண்டும் என்னும் வினாவை அரிஸ்ரோட்டில் அரசியல் என்னும் நூலிலே எழுப்பி, குடிப்பிறப்பிலோ அழகிலோ மிக்கோருக்கன்றி, சிறப்பாகக் குழலூதுவோருக்கே வழங்கல் வேண்டும் என விடை கூறுகின்றார். விடை நேரியது. ஆயின், சிறப்பாக ஊதுவோர் எவர் என்பதைக் குழலைக் கையிற் கொடுத்துப் பழக்கிய பின்னரன்றோ அறியலாம்? குழலைக் காணாதோரையும் குழலோடு வளர்ந்தோரையும் ஒரே மேடையில் நிறுத்தி, ஒரே கருவியைக் கொடுத்துவிட்டமையாற் சமநிலை எய்திவிட்டதாக நாம் கருதுகின்றோம். ஒலியளவைச் சமமாக்காத ஒப்பீடு கருவிகளுக்கு இழைக்கும் பிழையும் இதுவும் ஒரே வகையின. கருவிக்கு நேரும் பிழையால் எவரும் துன்புறுவதில்லை. மனிதருக்கு நேரும் பிழை அவ்வாறன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மதிப்பிடுவோனுக்குரிய கடமைகள் மூன்றெனலாம். தன் புலன் பெயராலும் விருப்பத்தாலும் திரிபடையக்கூடியது என ஒப்புக்கொண்டு, திரிபைத் தடுக்கும் முறைகளைத் தானே தேடிக்கொள்ளல் முதலாவது. தான் கண்டதை, கண்ட அளவுக்கே கூறி, 'எனக்குப் புலப்படவில்லை' என்பதை 'இல்லை' எனத் திரித்துரையாமை இரண்டாவது. தீர்ப்புக்கு முன்னர், அளக்கப்படுவது தான் அளக்க எண்ணியதுதானா எனத் தன்னையே வினவல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே கடினமானது. முன்னிரண்டையும் நிறைவேற்றிய பின்னரும் நான் தவறியது அதிலேயாகும். திரையும் காசும் எண்களும் என்னைப் பெயரின் மயக்கத்திலிருந்து காத்தன. ஒரு சாண் இடைவெளியைக் காண்பதற்கு ஒருவர் எழுந்து சென்று பார்க்கவேண்டியிருந்தது.

இறுதியில் மலிவான ஒலிவாங்கிகள் மூன்றை வாங்கினோம். மிகுந்த பணம் தாங்கிகளுக்கும் கம்பிகளுக்கும் செலவாயிற்று. அவை எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது எம் செவிக்கு எட்டாத வினா. எமக்குப் பின் வருவோர் அதற்கு விடை காண்பர். நிகழ்ச்சி நிரல் முன்னரே அச்சாகிவிட்டமையால் அம்மாணவிக்கு அதிலே இடமளிக்க இயலவில்லை. அவரிடம் சென்று என் தவறைக் கூறினேன். "முன்னாடியே கிட்ட நின்னு பாடச் சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்று மட்டுமே அவர் கூறினார். மெய்யியல் நூல்களிலே நான் தேடிய விடை அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. இப்பொழுது எமது தெரிவுத் தாளின் தலைப்பிலே, புள்ளியிடும் கட்டங்களுக்கு முன்னதாக, ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது: பாடத் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் எங்கே நிற்பதெனக் காட்டுக.